ஏலக்காய் மணக்கும் மலையிலே ஒரு வேன் பயணம்!

குடும்பத்தோடு வெளியூர் போவது என்றால் லேசான காரியமா? வண்டி பிடிக்க வேண்டும். தங்க இடம் பார்க்க வேண்டும். வேளா வேளைக்கு ஓட்டல் தேட வேண்டும். பாட்டிக்கு ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. கைக்குழந்தைக்கு நடு ராத்திரியில் பால் காய்ச்ச வேண்டும்.

வீட்டையே கூடக் கொண்டு போய்விட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை அல்லவா?

மேல்நாடுகளில் அப்படித்தான் போகிறார்கள். படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, கழிவறை எல்லாம் வண்டிக்குள்ளேயே இருக்கும். இதற்குக் கேரவன் என்று பெயர். நம் ஊரில் இந்தப் பெயர் எல்லோருக்கும் தெரியும். சினிமா நட்சத்திரங்கள் படப்பிடிப்பின்போது ஓய்வு எடுக்கும் வண்டி இதுதான்!

பிரான்சு நாட்டின் தெற்கே புரோவான்சு என்ற பகுதி இருக்கிறது. அங்கே லாவெண்டர் என்ற வாசனைச் செடியைப் பயிரிடுகிறார்கள். ஜூன், ஜூலை மாதங்களில் அது பூக்கும். கண்ணுக்கு எட்டிய தூரம் ஊதா நிறமாக இருக்கும். காற்றெல்லாம் மணக்கும். அதைப் பார்க்கவும், பக்கத்து மலைகளைச் சுற்றவும் ஆயிரக்கணக்கானோர் கேரவன்களில் வருகிறார்கள். நம் நாட்டிலும் ஜம்மு மலைப்பகுதியில் உள்ள பதர்வாவில் லாவெண்டர் பயிராகிறது. 2022-ம் ஆண்டு அங்கே லாவெண்டர் திருவிழாவே நடந்தது.

பிரான்சு நமக்கு எட்டாது. ஜம்முவும் தூரம். ஆனால் வாசனை மலை ஒன்று தேனி மாவட்டத்திலேயே இருக்கிறது! அதன் அடிவாரத்தில்தான் சிலமலை இருக்கிறது.

வாருங்கள், ஒரு வேனில் ஏறி அந்த மலையைப் பார்த்து வருவோம்.

சிலமலை எங்கே?

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் போகும் சாலையில் உள்ள ஊர் சிலமலை. விவசாய ஊர். மேற்கே பார்த்தால் மதில் சுவர் கட்டியதுபோல மலை நிற்கும். அந்தச் சுவருக்கு மேலே ஏலக்காய் மலை. அங்கே கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டம் தொடங்குகிறது.

சிலமலையில் வெயில் கொளுத்தும். மேகம் மலையின் அந்தப் பக்கமே மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வெறுங்கையோடு வரும். தென்மேற்குப் பருவ மழை காலத்தில், கீழே நிற்பவர்கள் மேலே கருமேகத்தைப் பார்த்துக்கொண்டே வியர்வையைத் துடைத்துக்கொள்வார்கள்.

வெளியூர்க்காரர்கள் போடி வரைக்கும் ரயிலிலேயே வரலாம். மதுரையிலிருந்து போடிக்கு 1928-ம் ஆண்டிலேயே ரயில் வந்துவிட்டது. அகலப் பாதை போடுவதற்காக 2010-ம் ஆண்டு முடிவில் அதை நிறுத்தினார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் போடி மக்கள் ரயில் இல்லாமல் இருந்தார்கள். 2023-ம் ஆண்டு ஜூன் 15-ந் தேதி மறுபடியும் ரயில் வந்தது. இப்போது சென்னையிலிருந்தும் போடிக்கு ரயில் இருக்கிறது.

17 வளைவுகள்

போடியை விட்டதும் இரு பக்கமும் மாந்தோப்புகள். இலவம் பஞ்சு மரங்களும் உண்டு. முந்தல் என்ற இடத்தில் சோதனைச் சாவடி. அதற்குப் பிறகு மலை ஏற்றம் தொடங்குகிறது.

போடிமெட்டு போய்ச் சேருவதற்குள் கொண்டை ஊசி வளைவுகள் மொத்தம் 17! குழந்தைகளை எண்ணிக்கொண்டு வரச் சொல்லுங்கள். வாந்தி வராமல் இருக்க அது நல்ல வைத்தியம். கையில் ஓர் எலுமிச்சம் பழமும் இருக்கட்டும்.

இது கொச்சிக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை. லாரியும் பஸ்ஸும் வந்து போகும். மேலே ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும். இறங்கும்போது கியரைக் குறைத்தே இறங்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். நீளமான கேரவன் வண்டிக்கு இந்த வளைவுகள் கஷ்டம். நம் ஊர் வேன்தான் இதற்குச் சரி.

ஒவ்வொரு வளைவுக்கும் காற்று மாறும். முதலில் அனல், அப்புறம் தென்றல், கடைசியில் குளிர். போடிமெட்டு நாலாயிரம் அடிக்கு மேல் உயரம். அங்கே நின்று கீழே பார்த்தால் போடியும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் கோலப் புள்ளிகள்போலத் தெரியும்.

விடியற்காலை ஜீப்புகள்

இந்தச் சாலையில் விடியற்காலையில் போகிறவர்கள் ஒரு காட்சியைப் பார்க்கலாம். ஜீப்புகள் வரிசையாக மேலே ஏறும். உள்ளே பெண்கள் நெருக்கி அடித்து உட்கார்ந்திருப்பார்கள். மடியில் தூக்குச் சட்டி இருக்கும். தலையில் துண்டு கட்டியிருப்பார்கள்.

இவர்கள் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். போடி வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து தினமும் மலை ஏறிப்போய், மாலையில் இறங்கி வருகிறார்கள். கோழி கூவுவதற்கு முன்னே எழுந்து சமைத்து, பிள்ளைகளுக்கு எடுத்து வைத்துவிட்டு வந்திருப்பார்கள்.

நாம் வேடிக்கை பார்க்கப் போகும் சாலை அவர்களுக்குப் பிழைப்புக்குப் போகும் சாலை. வளைவில் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு, அவர்கள் வழியை மறிக்கக் கூடாது. நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று ஜீப் ஓட்டுகிறவர்கள் வேகமாக வருவார்கள். அந்த நேரத்தில் நாம் ஓரமாகப் போவது நமக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது.

ஏலக்காய் எங்கே?

போடிமெட்டைத் தாண்டிப் பூப்பாறை பக்கம் போனால் இரு பக்கமும் ஏலத்தோட்டங்கள். ஆனால் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

“தாத்தா, ஏலக்காய்த் தோட்டம் எப்போ வரும்?”

“அடே, அரை மணி நேரமா அதுக்குள்ளேதானேடா போய்க்கிட்டு இருக்கோம்!”

இப்படி ஒரு பேச்சு எந்த வேனிலும் நடக்கும். லாவெண்டர் வயல் தன்னைத் தானே காட்டிக்கொள்ளும். ஏலம் ஒளிந்துகொள்ளும். அது நிழலில் வளரும் பயிர். பெரிய காட்டு மரங்களின் அடியில்தான் அதை நடுகிறார்கள். மரங்களை வெட்டிவிட்டால் ஏலம் வாடிவிடும். ஆகவே தோட்டம் என்பது பார்ப்பதற்குக் காடு மாதிரியே இருக்கும்.

ஏலம் இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆள் உயரத்துக்கு மேல் வளரும். இலை நீளமாக இருக்கும். காய் எங்கே காய்க்கும் தெரியுமா? உச்சியிலும் இல்லை, நடுத்தண்டிலும் இல்லை. தூரிலிருந்து சரம் சரமாகக் கிளம்பி மண்ணை ஒட்டிப் படரும். அந்தச் சரத்தில்தான் பூவும் காயும். பூ வெள்ளை நிறம். அதன் இதழில் ஊதாக் கோடுகள் ஓடும். பூவைப் பார்க்க வேண்டுமானால் குனிந்துதான் பார்க்க வேண்டும்.

காயைப் பறிக்கிறவர்களும் நாள் முழுவதும் குனிந்தும் குந்தியும்தான் பறிக்கிறார்கள். எல்லாக் காயும் ஒன்றாக விளையாது. விளைந்ததை மட்டும் பார்த்துக் கிள்ள வேண்டும். பிஞ்சை விட்டுவிட வேண்டும். ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்து அதே செடிக்குத் திரும்பி வர வேண்டும். மழை, அட்டைக் கடி, ஈர மண். இவ்வளவுக்கும் நடுவே பொறுக்கி எடுத்த காய்தான் நம் வீட்டுப் பாயசத்தில் மணக்கிறது.

ஐந்து கிலோ ஒரு கிலோ ஆகும்!

பறித்த பச்சைக் காயை அப்படியே விற்க முடியாது. உலர்த்த வேண்டும். அதற்கென்று ‘ஸ்டோர்’ என்று சொல்லப்படும் கட்டிடம் தோட்டத்திலேயே இருக்கும். தட்டுத் தட்டாகக் காயைப் பரப்பி, உள்ளே வெப்பக் காற்றைச் செலுத்துவார்கள். ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் அப்படி வாட்ட வேண்டும். சூடு கூடினால் பச்சை நிறம் போய்விடும், விலையும் போய்விடும். குறைந்தால் காய் பூசணம் பிடிக்கும்.

நாலைந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் ஒரு கிலோ ஏலக்காய் கிடைக்கும். பிறகு அது போடிக்கு வருகிறது. நிறம் பார்த்து, பருமன் பார்த்துப் பெண்கள் தரம் பிரிக்கிறார்கள். எட்டு மில்லி மீட்டருக்கு மேல் பருமன் உள்ள காய்க்கு நல்ல மதிப்பு.

விற்பனை எல்லாம் ஏலத்தில்தான். ஏலக்காய்க்கே ஏலம்! மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியம் போடியிலும், இடுக்கி மாவட்டத்துப் புத்தடியிலும் ஏலம் நடத்துகிறது. வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பொத்தானை அழுத்தி விலை கேட்கிறார்கள்.

விலை ஏறுவதும் இறங்குவதும் மலைப்பாதை போலத்தான். 2018-ம் ஆண்டு ஆகஸ்டில் கேரளாவில் பெருவெள்ளம் வந்து தோட்டங்கள் நாசமாயின. அடுத்த கோடையில் வறட்சி. காய் வரத்துக் குறைந்தது. 2019-ம் ஆண்டு ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போயிற்று! ஆனால் பல விவசாயிகளிடம் விற்பதற்குக் காய் இல்லை. பிறகு விளைச்சல் கூடியது. 2022-ல் சராசரி விலை கிலோ 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கிவிட்டது. உரத்துக்கும் கூலிக்கும் கட்டுபடி ஆகவில்லை என்று விவசாயிகள் தவித்தார்கள். இதற்கு நடுவே அமெரிக்கக் கண்டத்தில் உள்ள குவாட்டமாலா நாடும் ஏலக்காயை விளைவித்து உலகச் சந்தையில் போட்டி போடுகிறது. அங்கே இந்தச் செடி போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

மதி கெட்ட சோலை

பூப்பாறைக்குப் பக்கத்தில் மதிகெட்டான் சோலை என்ற காடு இருக்கிறது. உள்ளே போனவனுக்குத் திசை தெரியாது. மதி கெட்டு அலைவான் என்பதால் இந்தப் பெயர் வந்தது என்று சொல்கிறார்கள். ஏலம் பயிரிடுவதற்காக இந்தக் காட்டை ஆக்கிரமித்திருந்தார்கள். 2002-ம் ஆண்டு அரசு அவர்களை வெளியேற்றியது. 2003-ல் இது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 12.82 சதுர கிலோ மீட்டர்.

சோலை என்றால் பூந்தோட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். மலை மடிப்புகளில் நெருங்கி வளரும் குட்டை மரக் காடு அது. மழைத் தண்ணீரைப் பஞ்சுபோல உறிஞ்சி வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஓடையில் விடும். மலையில் சோலை இருந்தால்தான் அடிவாரத்து ஆற்றில் கோடையிலும் தண்ணீர் இருக்கும்.

இந்தப் பக்கம் யானைகளின் நாடு. ஆனையிறங்கல் என்று ஓர் அணைக்கே பெயர் இருக்கிறது. சின்னக்கானல் பகுதியில் ‘அரிக்கொம்பன்’ என்று ஒரு யானை இருந்தது. மலையாளத்தில் அரி என்றால் அரிசி. கடைகளையும் வீடுகளையும் உடைத்து அரிசி தின்றதால் அந்தப் பெயர். 2023-ம் ஆண்டு ஏப்ரல் 29-ந் தேதி கேரள வனத்துறை அதைப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டது. ஒரு மாதத்துக்குள் அது இறங்கி வந்து கம்பம் நகரத் தெருக்களில் ஓடியது. ஜூன் 5-ந் தேதி தமிழக வனத்துறை அதைப் பிடித்து, முண்டந்துறை பக்கத்துக் காட்டுக்குக் கொண்டு போயிற்று.

யானைக்கு அரிசி ருசி எப்படி வந்தது? காடு சுருங்கி, வீடுகள் நெருங்கியதால் வந்தது. வேனில் போகிறவர்கள் சாலையோரத்தில் சோற்றையும் பழத்தோலையும் கொட்டிவிட்டு வந்தால், இன்னொரு யானைக்கும் அந்த ருசி பழகிவிடும். அப்புறம் அவதிப்படுவது அங்கே குடியிருக்கும் ஏழைகள்தான்.

வரையாடும் குறிஞ்சியும்

போடிமெட்டிலிருந்து மூணாறு வரை சுமார் 42 கிலோ மீட்டர் சாலையை அகலப்படுத்தி, 2024-ம் ஆண்டு ஜனவரியில் திறந்திருக்கிறார்கள். தேவிகுளம் வழியாக மூணாறு போய்ச் சேரலாம். வழியெல்லாம் தேயிலை.

மூணாறுக்குப் பக்கத்தில் இரவிகுளம் தேசியப் பூங்கா. 97 சதுர கிலோ மீட்டர். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடிச் சிகரம் இங்கேதான் இருக்கிறது. அதன் உயரம் 2,695 மீட்டர். நம் வேனை உள்ளே விடமாட்டார்கள். வனத்துறை பஸ்ஸில்தான் ராஜமலைக்குப் போக வேண்டும்.

அங்கே வரையாட்டைப் பார்க்கலாம். வரை என்றால் மலை. தமிழ்நாட்டின் அரசு விலங்கு இதுதான். செங்குத்தான பாறையில் அது நிற்பதைப் பார்த்தால் நமக்குக் கால் கூசும்! பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அது குட்டி போடும். அப்போது பூங்காவை மூடிவிடுவது வழக்கம். விசாரித்துக்கொண்டு போங்கள்.

நம் ஊரின் ‘லாவெண்டர்’ எது என்று கேட்டால் நீலக்குறிஞ்சியைத்தான் சொல்ல வேண்டும். 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை பூத்து, மலையையே ஊதா ஆக்கிவிடும். பூத்து, விதை விட்டு, அந்தச் செடி மடிந்துவிடும். 2006-ல் பூத்தது. 2018-ல் பூத்தது. ஆனால் அந்த வருஷம் வெள்ளம் சாலைகளை அறுத்துவிட்டதால் பலர் பார்க்க முடியவில்லை. அடுத்து 2030-ல் பூக்க வேண்டும்.

குரங்கணியை மறக்கலாமா?

மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் போகலாம். இது தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கிறது. மலை உச்சியில் ஏன் இந்த ‘ஸ்டேஷன்’ பெயர்? ஒரு காலத்தில் மூணாறிலிருந்து தேயிலைப் பெட்டிகள் சின்ன ரயிலில் இங்கே வந்தன. இங்கிருந்து கம்பி வடத்தில் தொங்கவிட்டுக் கீழே இறக்கினார்கள். பிறகு போடிக்குப் போயின. 1924-ம் ஆண்டு வெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது.

டாப் ஸ்டேஷனுக்குக் கீழே உள்ள ஊர் குரங்கணி. போடியிலிருந்து அதற்குத் தனிச் சாலை இருக்கிறது. கொட்டக்குடி ஆறு அந்தப் பக்கத்து மலைகளிலிருந்துதான் வருகிறது.

2018-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு மலைப்பாதையில் இறங்கிக்கொண்டிருந்த சுற்றுலாக் குழுவினரைக் காட்டுத் தீ சூழ்ந்துகொண்டது. சென்னையிலிருந்தும் கொங்கு நாட்டிலிருந்தும் வந்த இளம் வயதுப் பெண்களும் ஆண்களும் அவர்கள். காய்ந்த புல், பலத்த காற்று, ஓட வழி இல்லை. உள்ளூர் மக்கள் ஓடிப் போய் உதவினார்கள். விமானப் படை ஹெலிகாப்டர்கள் வந்தன. என்ன செய்தும் 23 உயிர்கள் போய்விட்டன.

அதற்குப் பிறகு மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகள் செய்தது. 2024-ம் ஆண்டு 40 மலைப்பாதைகளைத் தேர்ந்தெடுத்து, வழிகாட்டிகளோடு மலையேற்றத் திட்டம் தொடங்கியது. தீப்பிடிக்கும் காலத்தில் அதை நிறுத்தி வைக்கிறார்கள். அனுமதி இல்லாமல் மலைக்காட்டுக்குள் ஒரு அடியும் வைக்கக் கூடாது.

அடுப்பு வேண்டாம்; கட்டுச்சோறு போதும்!

இப்போது நம் வேனுக்கு வருவோம். வேனில் அடுப்பையும் கேஸ் சிலிண்டரையும் ஏற்றிக்கொண்டு, நிழல் கண்ட இடத்தில் நிறுத்திச் சமைப்பது நம் மக்களின் வழக்கம். செலவு குறைவு, ருசியும் அதிகம். ஆனால் ஆபத்து?

2023-ம் ஆண்டு ஆகஸ்டு 26-ந் தேதி மதுரையில் நடந்தது நினைவிருக்கிறதா? வடக்கே இருந்து வந்த யாத்திரிகர்கள் நிறுத்தி வைத்திருந்த ரயில் பெட்டிக்குள் சிலிண்டர் வைத்துத் தேநீர் போட்டார்கள். பெட்டி தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள்.

மூடிய வண்டிக்குள் சிலிண்டர் என்றால் உள்ளே இருப்பவர்களுக்கு ஆபத்து. வெளியே புல்லில் அடுப்பு மூட்டினால் மலைக்கே ஆபத்து. காற்றில் பறக்கும் ஒரு பொறி போதும். சோலை எரிந்தால் மறுபடி வளரத் தலைமுறைகள் ஆகும். ஏலச் செடிக்கு நிழல் போகும். அதை நம்பிய பெண்களுக்குக் கூலி போகும். ஆற்றுக்குத் தண்ணீர் போகும்.

மேல்நாட்டுக் கேரவன்காரர்கள் நினைத்த இடத்தில் நிறுத்திவிடுவது இல்லை. அதற்கென்று பூங்காக்கள் இருக்கின்றன. தண்ணீர், மின்சாரம், குப்பைத் தொட்டி எல்லாம் அங்கே உண்டு. கேரள அரசும் 2021-ல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. 2022-ல் வாகமண்ணில் ஒரு கேரவன் பூங்கா திறக்கப்பட்டது.

நம் பாட்டிமார்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுபிடித்துவிட்டார்கள். அதுதான் கட்டுச்சோறு! புளியோதரை இரண்டு நாள் கெடாது. முதல் நாளுக்குத் தயிர் சாதம். இட்லிக்கு மிளகாய்ப் பொடி தடவி வாழை இலையில் கட்டினால் யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். பால் காய்ச்ச வேண்டுமானால் தங்கும் விடுதியில் காய்ச்சிப் பிளாஸ்கில் ஊற்றிக்கொள்ளலாம்.

இன்னும் சில யோசனைகள்:

மலைச் சாலையில் பகலிலேயே போங்கள். இருட்டியபிறகு யானை வரும், பனியும் மூடும். மாநில எல்லை தாண்டுவதால் வேனுக்கு பர்மிட் இருக்கிறதா என்று டிரைவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு கம்பளி வேண்டும். பிளாஸ்டிக் பையும் பாட்டிலும் வீட்டுக்கே திரும்பி வரட்டும். பீடி, சிகரெட் பிடிக்கிறவர்கள் மலை இறங்கும் வரை கையைக் கட்டிக்கொள்ளட்டும். திரும்பும்போது போடியில் நூறு கிராம் ஏலக்காய் வாங்குங்கள். பேரம் பேசுவதற்கு முன் அந்த விடியற்காலை ஜீப்பை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

2030-ம் ஆண்டில் குறிஞ்சி பூக்கும்போது, இன்று ஒன்றாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகள் விவரம் தெரிந்தவர்களாகி இருப்பார்கள். அவர்களை அழைத்துக்கொண்டு மறுபடியும் இந்த 17 வளைவுகளை ஏற வேண்டும். அப்போது காட்டுவதற்கு மலை பச்சையாக இருக்க வேண்டும். அதற்காக இன்று அடுப்பை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள்!